பாடத்தின் கடினமும் பிள்ளையின் வாழ்க்கையும்

பிள்ளைகள் படிக்கும் பாடம் அவர்களுடைய வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறுப்பவர் அநேகமாக இல்லை. அது அவர்களுடைய புத்திக்கு வேலை கொடுக்கும் கடினமுடையதாகவும் இருக்க வேண்டும் என்பதை மறுப்பவரும் இல்லை. ஆனால் இவ்விரண்டையும் ஒரு பீரியடு நேரத்துக்குள், வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வாறு சேர்த்து வழங்குவது என்ற கேள்வி எழுந்த மாத்திரத்தில், கல்வியைப் பற்றிச் சிந்தித்தவர்கள் எதிரெதிர் அணிகளாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். வாழ்க்கைக்கு அருகில் இழுத்துவந்தால் பாடம் நீர்த்துப்போகும் என்று ஒரு சாராரும், கடினத்தையே போற்றினால் பாடம் உயிரற்றுப்போகும் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வந்திருக்கின்றனர். இக்கட்சிகள் எங்கிருந்து புறப்பட்டன, எங்கே வலுவுடையன, எங்கே தடுமாறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனால் என்ன லாபம்?

யூக்ளிடிடம் முதல் தேற்றத்தைக் கற்ற ஒரு மாணவன், இதனால் தனக்கு என்ன லாபம் என்று கேட்டானாம்; அவர் தம் அடிமையைக் கூப்பிட்டு, படிப்பில் லாபம் தேடும் இவனுக்கு மூன்று காசு கொடுத்துவிடு என்றாராம். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்டோபேயஸ் என்பவருடைய தொகுப்பில் காணப்படும் கதை இது. நடந்ததோ இல்லையோ, ஒரு கட்சியின் மனோபாவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மாணவனுடைய கேள்விக்கு அதில் விடை இல்லை, பரிகாசம் மட்டுமே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை முதன்முதலாக மரியாதையோடு நடத்தியவர்களில் ரூஸோ முக்கியமானவர். 1762-ல் வெளிவந்த ‘எமீல்’ என்ற நூலில், மாண்ட்மொரான்சி ஊருக்கு வடக்கே உள்ள காட்டின் திசையைப் பற்றி ஆசிரியர் பாடம் சொல்லிக்கொண்டிருக்கையில், இதனால் என்ன பிரயோஜனம் என்று சிறுவன் குறுக்கிடுகிறான். ஆசிரியர் வாதாடாமல் பாடத்தை நிறுத்திவிடுகிறார். மறுநாள் காலை உலாவப் புறப்பட்ட இருவரும் அந்தக் காட்டிலேயே வழி தவறுகின்றனர். நடுப்பகல் ஆகிறது, பசிக்கிறது, சிறுவன் அழத் தொடங்குகிறான். காடு ஊருக்கு வடக்கே என்றால் ஊர் காட்டுக்கு எத்திசை, நடுப்பகல் நிழல் எத்திசையில் விழும் என்று ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கேட்க, நிழலுக்கு எதிர்த்திசையில் நடந்தால் ஊர் வரும் என்று சிறுவனே கண்டுபிடிக்கிறான். முந்திய நாள் சொல்லப்பட்ட பாடமும் இதுவும் ஒன்றே. அதன் கடினத்தில் அணுவளவும் குறையவில்லை. மாறியது சிறுவனுடைய நிலைமை மட்டுமே.

ஆக்ஷேபங்கள் வெளிப்படை. ஒரே மாணவனுக்கு ஓர் ஆசிரியர் தம் வாழ்நாளையே ஒதுக்கிவைத்த கற்பனை இது. வழி தவறியதும் ஆசிரியர் திட்டமிட்ட நாடகமே. அதைப் பிள்ளை கண்டுகொண்டால் என்ன ஆகும் என்பதை ரூஸோ சொல்லவில்லை. அன்றியும், நாற்பது பிள்ளைகளைத் தினந்தோறும் காட்டில் வழிதவற விடுவது எந்த உபாத்தியாயருக்கும் சாத்தியமான காரியமன்று.

திண்ணைக் கணக்கு

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை வெறும் மனப்பாடக் கூடங்கள் என்று இகழ்வது வழக்கமாகிவிட்டது. எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பிக்கும் சப்தமே அவற்றைப் பற்றி எஞ்சிய ஞாபகம். ஆயினும் அங்கே கற்பிக்கப்பட்ட கணக்கைக் கூர்ந்து பார்ப்பவருக்கு வேறொரு தோற்றம் கிடைக்கும். இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி என்று இறங்கும் கீழ்வாயிலக்கத்தை மனத்திலேயே பெருக்கிக் கூட்டிப் பழகிய பிள்ளை, நிலத்தின் பரப்பையும் நெல்லின் அளவையும் பங்கு பிரிப்பதையும் கணக்கிடும் திறமையோடு வெளியே வந்தது. கணக்கதிகாரம் போன்ற சுவடிகளிலும் நிலம், நெல், பொன் ஆகியவற்றின் அளவைகளே கணக்குகளுக்குப் பொருளாயின. கடினமும் சம்பந்தமும் இங்கே பிரிந்து நிற்கவில்லை.

ஆனால் யாருடைய வாழ்க்கையோடு சம்பந்தம்? அளக்கப்படும் நெல் எவ்வளவு என்று கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டிய அளவுக்கு, அதைக் கூலியாக வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும்; எனினும் கூலி வாங்கியவர் வீட்டுப் பிள்ளைக்கும், பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருந்ததில்லை. இந்தக் குறையைப் பின்னால் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

டூயியின் பஞ்சும் கம்பளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில், பாடம் பிள்ளைகளின் விருப்பத்தைத் தொடர வேண்டும் என்போருக்கும், மனத்தை அடக்கி முயலப் பழக்குவதே கல்வி என்போருக்கும் பெரும் சர்ச்சை நடந்தது. ஜான் டூயி இரு தரப்பும் ஒரே தவறான அனுமானத்தில் நிற்பதாகக் கண்டார். பாடம் பிள்ளைக்கு வெளியே கிடக்கும் அந்நியப் பொருள் என்று இருவரும் எடுத்துக்கொண்டதனாலேதான், ஒருவர் அதற்குச் சர்க்கரை பூச வேண்டும் என்கிறார், மற்றவர் பிரம்பைக் காட்ட வேண்டும் என்கிறார் என்பது 1913-ல் அவர் ஒரு சிறு நூலாகவே விரித்துரைத்த வாதத்தின் சாரம்.

அவர் 1896-ல் சிக்காகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் நடந்ததாக அவரே விவரிக்கும் ஒரு பாடம் இன்றும் படிக்கத் தக்கது. பிள்ளைகளின் கையில் பஞ்சுக் காய்களும் ஆட்டு ரோமமும் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவினர் அரை மணி நேரம் உட்கார்ந்து விதையிலிருந்து பஞ்சைப் பிரித்தும் ஓர் அவுன்ஸ்கூடத் தேறவில்லை. ஆடை நெய்யும் கலையில் பருத்தி கம்பளிக்குப் பின்தங்கியே வளர்ந்தது ஏன் என்ற கேள்வி, புத்தகத்திலிருந்து அல்லாமல், வலித்த விரல்களிலிருந்து பிறந்தது. பருத்தி இழை அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கும் கம்பளி இழை மூன்று அங்குலமும் இருப்பதை அவர்களே அளந்தனர்; அங்கிருந்து இழைகளின் தன்மைக்கும், நூற்கும் கருவிகளின் வரலாற்றுக்கும், இயந்திரத் தொழிலின் எழுச்சிக்கும் பாடம் நகர்ந்தது. அருகில் இருந்த பொருள் வாசற்படியாக மட்டுமே நின்றது என்பதே இதன் விசேஷம். பாடம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடவில்லை.

டூயியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அந்த இரண்டாவது பாதியை மறந்தார்கள் என்பது கல்வி வரலாற்றின் துர்ப்பாக்கியங்களில் ஒன்று. 1945-க்குப் பின் அமெரிக்காவில் ‘வாழ்க்கைக்கு இசைவித்தல்’ என்ற பெயரால் பரவிய இயக்கம், பெரும்பாலான மாணவர்களுக்கு உயர்ந்த பாடங்கள் பயனற்றவை என்று முடிவுகட்டி, குடும்ப நிர்வாகம், பழகும் முறை போன்றவற்றையே பாடமாக்க முயன்றது. 1953-ல் ஆர்தர் பெஸ்டர் இதைக் கல்வியின் பாழ்நிலம் என்று கண்டித்தார். தம் முறையின் பேரால் நடந்த அத்துமீறல்களை டூயியே 1938-ல் எச்சரித்திருந்தார் என்பதை இரு தரப்பும் சௌகரியமாக மறந்துவிட்டன.

புரூனரின் பந்தயம்

1957-ல் ருஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் சுற்றத் தொடங்கியதும் ஊசல் மறுபக்கம் ஆடியது. 1959-ல் உட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் விஞ்ஞானிகளும் மனோதத்துவ அறிஞர்களும் கூடினர். அடுத்த ஆண்டு ஜெரோம் புரூனர் எழுதிய ‘கல்வியின் இயக்கம்’ அதன் பலன். எந்தத் துறையின் அடிப்படை அமைப்பையும், நேர்மையான ஒரு வடிவத்தில், எந்த வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்பது அவருடைய துணிவான கோட்பாடு. சந்தைக்கோ சமையலறைக்கோ பாடம் இறங்கி வரவேண்டியதில்லை. பௌதிக மாணவன் பௌதிக விஞ்ஞானியைப் போலவே சிந்திக்கட்டும், அறிவின் இன்பமே அவனை இழுக்கும்.

பின்னர் அவர் தலைமையில் உருவான ‘மனிதன்’ என்ற பாடத்திட்டம் இந்தக் கோட்பாட்டின் சிறந்த சாதனையும் சோதனையும் ஆயிற்று. பத்து வயது அமெரிக்கப் பிள்ளைகள் சால்மன் மீனையும் கடற்பறவையையும் பபூன் குரங்கையும் படித்து, முடிவில் வடதுருவப் பிரதேசத்து நெட்சிலிக் மக்களின் வாழ்க்கைக்கு வந்தனர். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தொலைவான பொருள் கிடைப்பது அரிது. ஆயினும் மனிதனை மனிதனாக்குவது எது என்ற கேள்வி நடுவில் நின்றமையால், தாய், தந்தை, உணவு, மரணம் எல்லாம் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு விஷயங்களாகவே திரும்பி வந்தன. 1970-களின் நடுவில் அது நாகரிகத்துக்கு விரோதமானது என்று அமெரிக்கக் காங்கிரஸில் தாக்கப்பட்டுச் சரிந்தது.

புரூனரின் கோட்பாட்டிலுள்ள பலவீனத்தைப் புரூனரே பிற்பாடு சொன்னார். பிள்ளைகள் கற்கும் ஆவலோடும், கற்கத்தக்க சூழ்நிலையோடும் வந்து உட்கார்ந்திருப்பதாகத் தாங்கள் கேள்வியின்றி எடுத்துக்கொண்டதை 1971-ல் அவர் ஒப்புக்கொண்டு, வறுமையும் இனவேற்றுமையும் தாக்கும் சமூகத்தில் துறைகளின் அமைப்பைப் பற்றிய பேச்சைச் சிறிது நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதினார். தம் சித்தாந்தத்தைத் தாமே இவ்வளவு வெளிப்படையாகத் திருத்திக்கொண்ட கல்வியாளர்கள் அதிகமில்லை.

தக்கிளியும் குலத்தொழிலும்

இந்தியாவில் இவ்விவாதம் வேறொரு பாதையில் நடந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வடிவமைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் ஒன்றை நடுவில் நிறுத்தி, மற்றப் பாடங்களை அதிலிருந்து கிளைக்கச் செய்ய விரும்பியது. தக்கிளியில் நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தை அளக்கையில் கணக்கையும், பருத்தி விளையும் மண்ணைப் பற்றிக் கேட்கையில் பூகோளத்தையும், அந்நியத் துணியின் வரவை அறிகையில் சரித்திரத்தையும் கற்கும் என்பது எண்ணம். டூயியின் பஞ்சுப் பாடத்துக்கு இது வெகு தூரத்தில் இல்லை. ஆனால் இவ்விணைப்பைச் செய்வதற்கு உபாத்தியாயருக்குப் பல துறைகளில் ஆழ்ந்த அறிவு வேண்டும். அது கிடைக்காத இடங்களில் நூற்பு ஒரு தனிப் பீரியடாகச் சுருங்கியது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியின் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் பலமான கண்டனத்துக்கு ஆளாயிற்று.

‘வாழ்க்கையோடு சம்பந்தம்’ என்ற கொள்கை எத்தகைய அபாயத்தை உள்ளடக்கியிருக்கிறது என்பதைத் தமிழர்கள் 1953-ல் கண்கூடாகக் கண்டனர். சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பணமும் கட்டடமும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இன்னும் அதிகமான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கான வழி என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம்; அதில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. எனினும், தொழில் சாதியைத் தொடரும் சமூகத்தில், பிள்ளைக்குச் சம்பந்தமுள்ளது தகப்பன் தொழிலே என்று அரசாங்கம் சொன்னால் அதன் பொருள் என்ன என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் உடனே உணர்ந்து, அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டனர். 1954-ல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராஜர் அதைக் கைவிட்டார்.

இதே வழக்கு வேறு மண்ணிலும் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குத் தச்சும் கொல்லும் விவசாயமுமே இப்போதைக்கு உகந்த கல்வி என்று 1881-ல் டஸ்கிகீ பள்ளியைத் தொடங்கிய புக்கர் வாஷிங்டன் வற்புறுத்தியதை, அவர்களில் தகுதியுள்ளோருக்கு உயர்கல்வியின் கதவை அடைக்கும் செயல் என்று 1903-ல் டுபாய்ஸ் எதிர்த்தார். 1965-ல் கானாவைப் பற்றி எழுதிய பிலிப் பாஸ்டர், விவசாயக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஒதுக்கி இலக்கணமும் இங்கிலீஷும் கற்பிக்கும் பள்ளியையே பெற்றோர் நாடியது அறியாமையால் அன்று, நல்ல உத்தியோகம் அந்தப் படிப்பின் வழியாகத்தான் கிடைத்தது என்பதால் என்று காட்டினார். ஏழைப் பெற்றோரின் கணக்கில், தொலைவிலுள்ள பாடமே வாழ்க்கைக்கு மிக அருகிலுள்ள பாடமாக இருந்தது. திண்ணையின் குறையும் இதுவே, குலக்கல்வியின் குறையும் இதுவே: பிள்ளைக்கு எது சம்பந்தம் என்பதை, அந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு மற்றவர் தீர்மானித்தார்கள். பாடம் அமைப்பவர் இன்று இதை மறப்பாரானால், நல்லெண்ணத்தோடேயே அதே தவற்றைச் செய்வார்.

தெருவில் சரி, தாளில் தப்பு

சம்பந்தம் என்ற சொல்லுக்கு ஆதரவாக மிக அடிக்கடி காட்டப்படும் சான்று பிரேஸிலின் ரெசிபே நகரத்திலிருந்து வருகிறது. நூனெஸ், ஷ்லீமான், காரஹர் ஆகியோர் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஐவர், வாங்குபவரைப் போல வந்து கேட்டபோது அநேகமாக எல்லாக் கணக்கையும் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 அளவே சரியாயிற்று. தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒன்று 35 வீதம் நான்கின் விலையை, மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் ஐந்து, ஆக 140 என்று வாயாலேயே சொல்லிவிட்டது. அதே பிள்ளை தாளில் 35-ஐ நான்கால் பெருக்குகையில், நாலைந்து இருபது, மிச்சம் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது என்று 200 எழுதியது. 200 என்பது தேங்காய்க்கு நடக்காத விலை என்று அதன் வாய்க்குத் தெரியும், பென்சிலுக்குத் தெரியவில்லை.

ஆகவே பள்ளிக்கணக்கைச் சந்தைக்கணக்காக்கிவிட்டால் போதும் என்று முடிவுசெய்ய அவசரப்படக்கூடாது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலியோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வு, சந்தையில் வேலைசெய்யும் பிள்ளைகள் பள்ளிக்கணக்கில் திணறுவதைப் போலவே, பள்ளிக்கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக்கணக்கில் திணறுவதையும் காட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் தானாக அமைவதில்லை. அதை வகுப்பில் கட்ட வேண்டும். கட்டும் வேலை இரு கரைகளிலும் நடக்க வேண்டும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்காவில் ஹல்மன், ஹராகிவிச் இருவரும் 2009-ல் வெளியிட்ட சோதனையில், விஞ்ஞானப் பாடம் தங்கள் வாழ்க்கைக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதைத் தாங்களே எழுதிய ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில், தங்களால் முடியாது என்று எண்ணியிருந்தவர்களுக்கு ஆர்வமும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. ஆசிரியர் வாயால் பிரயோஜனத்தை எடுத்துரைப்பதற்கு இதே பலன் உண்டு என்று சொல்ல முடியவில்லை. தன்னம்பிக்கை குறைந்த மாணவருக்கு அது சில சமயம் பாதகமாகவே முடியலாம் என்றும் பின்வந்த ஆய்வுகள் ஐயப்படுகின்றன. பாடத்தைச் சுவையாக்கவென்று செருகும் கிளைக்கதைகள் முக்கியக் கருத்தை மறக்கடிக்கின்றன என்பதும் மேயர் முதலியோரின் சோதனைகளால் தெரிய வருகிறது. இடியும் மின்னலும் உண்டாகும் விதத்தை விளக்கும் பாடத்தில் மின்னல் தாக்கிய விளையாட்டு வீரனின் கதையைச் சேர்த்தால், பிள்ளைக்கு வீரன் நினைவிருப்பான், மின்னல் நினைவிராது.

எவ்வளவு கடினம்?

கடினத்தின் அளவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு கண்ட மிகப் பயனுள்ள கருத்து, 1934-ல் இளவயதிலேயே மறைந்த ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கியுடையது. பிள்ளை தானாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள பிரதேசத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார் அவர். ராபர்ட் பியோர்க் 1994 முதல் ‘விரும்பத்தக்க சிரமங்கள்’ என்று வாதிட்டு வருவதும் இதற்கு அண்டை வீடே: எளிதில் படித்தது எளிதில் மறக்கும், இடைவெளி விட்டு, கலந்து, நினைவிலிருந்து வருத்தி எடுத்துப் படித்தது நிற்கும்.

இதற்கு மேல் அபிப்பிராய பேதம் தொடங்குகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆராய்ந்த மனு கபூர், முதலில் கடினமான கணக்கைக் கொடுத்துத் தோற்கவிட்டு, பிறகு விளக்கினால் புரிதல் ஆழமாகிறது என்கிறார். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006-ல் எழுதிய கட்டுரையோ, தொடக்க நிலையிலுள்ளவர்களை வழிகாட்டாமல் விடுவது அவர்களுடைய நினைவாற்றலைத் திணறடிக்கும் வீண்வேலை என்கிறது. இவை நேர்முரண் போலத் தோன்றினும், கபூரின் முறையிலும் விளக்கம் உண்டு, அது பிந்தி வருகிறது, அவ்வளவே. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பிந்தலாம் என்பதே மெய்யான வழக்கு. அதற்குப் பொதுவிதி கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை. அன்றியும், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பாடத்தின் உள்ளடக்கத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு சிரமத்தை மட்டுமே அளப்பவை. வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து உட்காரும் பெண் பிள்ளையின் சிரமம் எந்த அளவுகோலில் ஏறும்?

ஹோஷங்காபாத் சொல்லும் பாடம்

கடினம், சம்பந்தம் இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டிய முயற்சிகளில், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டத்துக்குத் தனி இடம் உண்டு. கிஷோர் பாரதி முதலிய அமைப்புகள் தொடங்கி, 1982-ல் தோன்றிய ஏகலவ்யா பின்பு ஏற்று நடத்திய இத்திட்டத்தில், பிள்ளைகள் வயலுக்கும் குளத்துக்கும் சென்று பூவையும் பூச்சியையும் மண்ணையும் கொண்டுவந்தனர். ஆனால் கொண்டுவந்ததைப் பார்த்து மகிழ்வதோடு விடவில்லை. அளந்தனர், பிரித்தனர், ஊகித்தனர், ஊகம் பொய்த்தபோது மீண்டும் செய்தனர். கையில் இருந்த புத்தகம் விடைகளைத் தரவில்லை. மிக முக்கியமாக, பரீட்சை மாறியது: புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறையும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே விலை இல்லாமற்போனதால்தான் மற்றவை பிழைத்தன என்பது என் அபிப்பிராயம்.

நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. சுமையில்லாத கல்வியை வற்புறுத்திய யஷ்பால் குழு அறிக்கையும் (1993), பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்கச் சொன்ன 2005-ம் ஆண்டு தேசியப் பாடத்திட்ட வரைவும் கூறியவற்றைச் செயலில் காட்டிய ஒரு முயற்சி, அவ்விரு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே மூடப்பட்டது. தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் தொடக்க வகுப்புகளில் பெரிய மாறுதலைச் செய்தது. ஆனால் மேல் வகுப்புக்கு ஏற ஏற, புத்தகத்தின் பின்புறக் கேள்விகளே பாடத்தை ஆளுகின்றன.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது சில விஷயங்கள் ஓரளவு தீர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். பொருள் அருகில் இருப்பதனாலேயே பாடம் சம்பந்தமுள்ளதாகிவிடுவதில்லை; நெட்சிலிக் மக்களைப் பற்றிய பாடம் அதற்குச் சாட்சி. பாடம் எளிதாக இருப்பதனால் பிள்ளை நெருங்கி வருவதுமில்லை. பிள்ளையின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்த பிறகு வரும் சிரமம் சிரமமாகத் தோன்றுவதில்லை என்பதில் ரூஸோவும் டூயியும் புரூனரும் ஹோஷங்காபாத் ஆசிரியர்களும் உடன்படுகின்றனர்.

தீராதவை இன்னும் கனமானவை. ஒரே வகுப்பிலுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளையும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் ஒரே கேள்வியால் தூண்டப்படுவார்களா, சந்தையிலிருந்து சமன்பாட்டுக்குப் பாலம் கட்டும் முறையைப் பெரிய அளவில் கற்பிக்க முடியுமா, பரீட்சையைப் பெரிதும் மாற்றாமல் பாடத்தை மட்டும் மாற்றினால் பலன் நிற்குமா என்பவற்றுக்கு இன்று கிடைக்கும் சான்றுகள் போதா. கடைசிக் கேள்விக்கு மட்டும், நிற்காது என்ற பக்கமே என் சாய்வு. மற்றொன்றும் சொல்ல வேண்டும்: இத்தகைய ஒரு பாடத்தை ஆயத்தம் செய்ய உபாத்தியாயருக்குப் படிக்கவும், பொருள்களைத் தேடவும், தம்மையொத்த ஆசிரியர்களோடு கலந்து பேசவும் பொழுது வேண்டும். அந்தப் பொழுதை நேர அட்டவணையில் ஒதுக்கிக் காட்டாத எந்தப் பாடத்திட்டத்தையும், அதன் முகவுரை எவ்வளவு உயர்வாகப் பேசினாலும், ஏற்பதற்கு முன் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் அந்தப் பொழுது எங்கே என்று கேட்டே தீர வேண்டும்.